வங்காலைக்கு வாங்கு வந்த வரலாறு

பொன்னுக்காகவும் மிளகுக்காகவும் முத்துக்காகவும் படை நடத்தியவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வாங்குக்காகப் படை நடத்திய ஒரே மனிதன் அடியேன். வாங்கு என்றால் நாலைந்து பேர் நெருங்கி உட்காரும் நீளப் பலகை. தமிழ்நாட்டு வாசகர்கள் பெஞ்சு என்று எடுத்துக்கொள்ளலாம். பெப்ரவரி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை, மன்னார்க் கரையில், எட்டு வாங்குகளுக்காக நான் நடத்திய அந்தப் பெரும் போரின் விபரம் கீழே. அந்தப் பக்கம் பயணம் போக நினைப்பவர்களுக்கு நேரம், தூரம், செலவு எல்லாம் இடையிடையே இருக்கிறது. வீரத்தை மட்டும் படிப்பவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

போன காரணம் ஜசிந்தா. அவளுடைய தகப்பனும் நானும் ஒரே கந்தோரில், அதாவது அலுவலகத்தில், இருபத்திரண்டு வருடம் ஒரே அலுமாரியைப் பங்குபோட்டவர்கள். அவர் போனபிறகு அவளுக்கு மாமா என்று மிஞ்சியது நான்தான்; அவளுடைய தலையெழுத்து. வங்காலையில் கடலேரிக் கரையோரமாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறாள். கணவன் அன்ரன் பிடித்து வரும் மீன், இவளுடைய கை, மேலே கிடுகுக் கூரை. குறை ஒன்றுதான். அந்தக் கரையில் அடிக்கிற காற்று பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுபோய்விடும். வாங்கிய பன்னிரண்டில் ஏழு கடலேரியில். அவற்றில் இப்போது கொக்குகள் சாய்ந்திருந்து பத்திரிகை வாசிப்பதாகக் கேள்வி.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு, பறவை பார்க்க வரும் முப்பத்தெட்டுப் பேர் கொண்ட ஒரு பஸ் அவளிடம் மத்தியானம் சாப்பிட வருவதாக ஏற்பாடு. பஸ்ஸை நடத்துபவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் அம்மா ஒருவர். மாதம் ஒரு கூட்டம் கூட்டி வருபவர். இந்த முறை திருப்தி என்றால் மாதாமாதம் இங்கேதான் சாப்பாடு; இல்லையென்றால் மன்னார் ரவுணில், நகரத்துக்குள், வேறு கடை. ஜசிந்தா தையல் வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையில் இறங்கியிருந்தாள். பஸ் கைவிட்டால் வைகாசியில் திரும்பவும் மிஷினுக்கு முன்னால் போய் இருக்கவேண்டியதுதான் என்று போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே பறக்காத ஆசனம் வேண்டும். முசலியில் நிஸார் என்ற தச்சரிடம் அவள் அளவு கொடுத்தாயிற்று. எத்தனை என்பதைச் சொல்லி வேலையைத் தொடக்கவேண்டியது அன்ரன். தை மாதக் கடைசியில் (தை என்றால் எங்கள் கணக்கில் ஜனவரி) ஜசிந்தா எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமா, அன்ரன் வாங்கு சொல்லிட்டாரோ தெரியேல்லை. நான் கேட்டா சண்டை வரும். நீங்கள் ஒருக்கா நிஸார் அண்ணையிட்டக் கேட்டுப் பாருங்கோ."

இராஜதந்திரத்தில் எனக்கு நிகர் இந்துசமுத்திரத்தின் இரு கரையிலும் இல்லை. அன்று பின்னேரம் ஆறு இருபத்தைந்துக்கு நிஸாருக்கு எடுத்தேன். முழு உரையாடலும் இதுதான்:

"தம்பி நிஸார், வாங்கு சொல்லியாச்சோ?"

"ஓம் அண்ணை. இப்பதான் சொல்லி முடிஞ்சுது."

"நல்லது தம்பி, சந்தோஷம்."

வாங்கு சொல்லியாச்சு என்று அப்போதே ஜசிந்தாவுக்கு அறிவித்துவிட்டேன். இந்த மூன்று வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி காலை ஐந்து பத்துக்கு யாழ்ப்பாணத்தில் மன்னார் பஸ். பூநகரி வழி, நானூற்றி எழுபது ரூபாய். இடப்பக்க ஜன்னலைப் பிடித்தால் சங்குப்பிட்டிப் பாலத்தில் சூரியன் எழும்புவதைப் பார்க்கலாம். எனக்காகவே எழும்பியது போலிருந்தது. முழங்காவிலில் ஒரு தேத்தண்ணி. விடத்தல்தீவு தாண்டியபிறகு இரண்டு பக்கமும் அறுவடை வயல், மிஷின்கள், தூசி. திருக்கேதீஸ்வரச் சந்தியில் பாதிப் பஸ் இறங்கிவிடும். நான் தள்ளாடி என்ற சந்தியில் எட்டு இருபதுக்கு இறங்கினேன். வங்காலைக்கு அங்கிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில், ஆட்டோ தொள்ளாயிரம்.

ஆட்டோக்காரர் சிவகுமார். திருக்கேதீஸ்வரத்துப் பக்கத்து வயற்காரர். அறுவடை நாளில் நெல் லொறியும் ஓட்டுவார், மற்ற நாளில் ஆட்டோ. ஏறி உட்காரவும் ஜசிந்தாவின் அழைப்பு. காற்றில் குரல் அறுந்து அறுந்து வந்தது.

"மாமா... வாங்கு... வாங்கு..." அவ்வளவுதான். லைன் போய்விட்டது.

சிவகுமார் ஆட்டோவை ஓரங்கட்டினார். "அக்கா என்னவோ வாங்கச் சொல்லுறா ஐயா."

"அவள் வாங்கு எண்டெல்லோ சொன்னவள்?"

"உங்களைப் போய் வாங்கு எண்டு சொல்லுவாவோ? வாங்குங்கோ எண்டு வந்திருக்கும். ங்கோ லைனில விழுந்திட்டுது."

இலக்கணம் எவ்வளவு திறமாக வேலை செய்கிறது பாருங்கள். மரியாதை விகுதி கடலில் விழுந்ததாக இருவரும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஆனால் எதை வாங்குவது? மீன் சாப்பாட்டுக்கு என்ன குறையும் என்று ஆலோசித்து, சந்திக் கடையில் மூன்று கிலோ தேசிக்காய், உங்கள் எலுமிச்சை, வாங்கினோம். எட்டு ஐம்பத்தைந்துக்கு, தேசிக்காய்ப் பையை வெற்றிக் கிண்ணம் மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் இறங்கினேன்.

ஜசிந்தா பையைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் ஒழுங்கைப் பாதையைப் பார்த்தாள். திரும்பப் பையைப் பார்த்தாள்.

"மாமா, வாங்கெல்லாம் எங்க?"

கடையில் நாலு நீள மேசை. சுற்றிலும் மணல். வாங்கு ஒன்றுகூட இல்லை. நேற்றுப் பின்னேரமே முசலியிலிருந்து வந்திருக்கவேண்டும் என்று அவள் காத்திருந்திருக்கிறாள். என்னோடு வருமாக்கும் என்று இரவு நித்திரை கொண்டிருக்கிறாள். நிஸாருக்கு மூன்று தரம் அடித்தோம். எடுக்கவில்லை.

"பக்கத்து வீடுகளில கதிரை?" என்றேன்.

"இண்டைக்கு ஊரில கலியாண வீடு மாமா. ஊரிலயிருக்கிற கதிரை முழுக்க அங்க, என்ர மிச்சம் அஞ்சும்."

"வேதக்கோயில் வாங்கு?"

"எல்லாம் நிலத்தோட பூட்டினது. கோயிலைத்தான் கழட்டிக்கொண்டு வரவேணும்." கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள். "முப்பத்தெட்டுப் பேரையும் நிக்கவைச்சோ மாமா நான் சோறு போடுறது?"

கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். திரும்பி நின்று அடுத்த மீனை வெட்டத் தொடங்கினாள். அதுதான் என்னைத் தூக்கி ஆட்டோவில் எறிந்தது.

ஒன்பது ஐந்துக்கு முசலியை நோக்கிப் புறப்பட்டோம். சிவகுமாரின் மீற்றர் முப்பத்தொரு கிலோமீற்றர் காட்டியது, நடுவில் ஒருதரம் வழி பிசகியதையும் சேர்த்து. வலப்பக்கம் கடலேரியில் பூநாரைகள். ஒரு லட்சம் இருக்கும். சரி, முந்நூறு. அருவியாற்றுப் பாலம் தாண்டி, அரிப்பில் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லப்படும் இடிபாட்டைத் தாண்டிப் போகும் பாதை இது. சாதாரண நாளில் அங்கே ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். கடல் அரித்துத் தின்றது போக மிஞ்சிய சுவர்கள் அழகு. நான் நிற்கவில்லை. நிஸாருக்குச் சொல்லவேண்டிய ஏச்சை எதுகை மோனையோடு தயாரித்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குப் பட்டறை. மரம் அரியும் மிஷின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது; போன் எங்கே கேட்கும். நிஸார் மிஷினை நிற்பாட்டிவிட்டு, தூசி தட்டி, முகம் மலர வந்தார்.

"வாங்க அண்ணை. ஓடர் தரத்தானே வந்தீங்க? உங்கட ஆக்கள் அளவு தந்ததோட சரி. எத்தினை எண்டு ஆரும் இன்னும் சொல்லல்ல."

தயாரித்த ஏச்சைத் திரும்ப மடித்து வைத்தேன். "நீர்தானே தம்பி வாங்கு சொல்லியாச்சு எண்டனீர்?"

"நானோ?"

"தை மாதம். பின்னேரம். நான் கேட்டனான், நீர் இப்பதான் சொல்லி முடிஞ்சுது எண்டனீர்."

நிஸார் மெதுவாகக் கையை நீட்டி, தெருவுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிவாசலைக் காட்டினார். "அண்ணை, அது மஃரிபு வாங்கு."

வாசகர்களே, இஸ்லாமியர் தொழுகைக்கு அழைக்கும் குரலுக்கும் எங்கள் நாட்டில் வாங்கு என்றுதான் பெயர். அறுபத்துமூன்று வருடமாக எனக்குத் தெரிந்த சொல். பொழுதுபட்ட நேரம் ஒருவர் போன் எடுத்து வாங்கு சொல்லியாச்சோ என்று கேட்டால், தொழுகை நேரம் பார்த்துத் தொந்தரவு செய்யாமல் கேட்கிறார், எவ்வளவு பண்பான மனிதர் என்றுதானே நினைப்பார்?

"நானும் வீட்டில சொன்னன்," என்றார் நிஸார். "யாழ்ப்பாணத்து அண்ணைக்கு நல்ல மரியாதை தெரியும், வாங்கு முடிஞ்சுதோ எண்டு கேட்டுத்தான் பேசுறார் எண்டு. ஆனா பேசாம வச்சிட்டீங்க. அதுதான் விளங்கல்ல."

சிவகுமார் பட்டறைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயா, அப்ப அன்ரன் அண்ணை சொல்லவே இல்லை."

அன்ரன் அந்த நேரம் கடலில் இருந்தது அவனுடைய பெரிய அதிர்ஷ்டம்.

அளவுக்கு மாதிரியாக அரிந்த இரண்டு வாங்குப் பலகை மட்டும் இருந்தது. அதற்கும் கால் பூட்டவில்லை. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டே காலுக்கு ஜும்ஆத் தொழுகை. நானும் சுத்தியலைத் தூக்கினால் நாள் முழுக்க அடித்தாலும் எட்டு வராது. அப்போதுதான் பட்டறையின் பின்பக்கம் என் கண்ணில் பட்டது: ஆறு வாங்கு, பளபளவென்று, வரிசையாக.

"அது மத்ரசாப் பிள்ளைகளுக்கு," என்றார் நிஸார் அவசரமாக. "திங்கட்கிழமை குடுக்கணும். அது என்ர சாமான் இல்ல அண்ணை."

"ஆரைக் கேக்கவேணும்?"

"மோதினாரைக் கேக்கணும்."

மோதினார் என்றால் பள்ளிவாசலில் வாங்கு சொல்பவர். மத்ரசாச் சாமான்களுக்கும் அவர்தான் பொறுப்பு. வெள்ளை வேட்டி, மெலிந்த உடம்பு, எழுபது வயதிருக்கும். தெருவின் அந்தப் பக்கத்தில் அவர் தும்மினால் மாகாணத்துக்கே கேட்கும், அப்படியொரு நெஞ்சு. நிஸார் போய் அவரைப் பட்டறைக்கே கூட்டிவந்தார். நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஜசிந்தா, மீன், பஸ், முப்பத்தெட்டுப் பேர், என் மூன்று வரித் தொலைபேசி, எல்லாம். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"எந்த நாள் எண்டு சொன்னீங்க?"

"தை மாதக் கடைசி ஐயா. செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய் மஃரிபுக்கு நான்தான் சொன்ன."

"ஓம் ஐயா."

"அப்ப நீங்க ஏமாந்தது என்ர வாங்கைக் கேட்டு."

"அப்பிடியும் சொல்லலாம்."

"அப்ப வாங்கு நான்தான் தரணும்." நிஸார் பக்கம் திரும்பினார். "ஆறையும் ஏத்துங்க. பிள்ளைகள் ரெண்டு கிழமை, பதினாலு நாள், பாயில இருந்து ஓதினா ஒண்டும் குறையாது. எங்கட காலத்தில நாங்க மணலில இருந்துதான் ஓதின."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்ற ஒரே சொல்லோடு நிறுத்தினேன். என் வீட்டாரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். கடைசியில் ஒரு கேள்விதான் வந்தது. வாங்கு என்பது அரபுச் சொல்லா?

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிற. அரபில அதுக்கு அதான் எண்டு பேர். இது பாரசீகம். பாங் எண்டா கூப்பிடுற சத்தம். கப்பல்காரரோட வந்த சொல். தமிழ்நாட்டில இன்னும் பாங்கு எண்டுதான் சொல்லுவாங்க." ஒரு வாங்கின் முதுகில் தட்டினார். "இந்த வாங்கு எங்க இருந்து வந்த?"

இது என்னுடைய களம். போர்த்துக்கேயரின் பாங்கோ, என்றேன். கதிரை, மேசை, அலுமாரி என்று அவன் போகும்போது தளபாடம் முழுவதையும் எங்கள் வாயில் விட்டுவிட்டுப் போனான். பழைய ஐரோப்பாவில் வட்டிக்காரன் சந்தையில் ஒரு பாங்கோவில் இருந்துதான் காசு மாற்றினான்; அதிலிருந்து பிறந்து ஆங்கிலம் சுற்றி வந்ததுதான் எங்கள் வங்கி. எழுத்தில் பாருங்கள், வாங்குக்குக் கால் இருக்கிறது, வங்கிக்கு இல்லை. உட்காரக் காலில்லாதபடியால்தான் அங்கே எங்களை வரிசையில் நிற்கவைக்கிறார்கள்.

"ரெண்டும் தமிழில்லாட்டி," என்றார் ஒரு நுனியைத் தூக்கிக்கொண்டிருந்த சிவகுமார், "நாங்கள் கடையில வாங்கிறது?"

அது அசல் தமிழ். காசுக்கு வாங்கலாம், ஏச்சு வாங்கலாம், அடி வாங்கலாம். பாரசீகத்தில் கூவல், போர்த்துக்கலில் பலகை, தமிழில் கொள்ளல். ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத மூன்று சொற்கள் கடல் கடந்து வந்து இந்தக் கரையில் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. நான் இந்த ஆராய்ச்சியை விரித்துக்கொண்டு போகையில், நிஸார் மாதிரிப் பலகை இரண்டுக்கும் கால் பூட்டி முடித்துவிட்டார். அறிவு பேசுகிற நேரத்தில் வேலை செய்பவர்களும் உலகத்துக்குத் தேவைதான்.

பதினொன்று பத்து. எட்டு வாங்கும் நிஸாரின் சின்ன லொறியில். அவருக்கு ஜும்ஆ, வர ஏலாது. "லொறியைச் சிவகுமார் கொண்டு போகட்டும். ஆட்டோ இங்க நிக்கட்டும். தொழுதிட்டு அதில வாறன்," என்றார். முன்பக்கத்தில் இடமிருந்தது. ஆனால் கயிறு கட்டிய வாங்கு அசையாமல் யாராவது பின்னால் இருக்கவேண்டும் என்று ஒரு காரணம் கிடைத்தது. நான் நடு வாங்கில் அமர்ந்தேன்; வாங்கு சரியாமலிருக்க லொறி ஊர்ந்துதான் போனது. வாசகர்களே, அம்பாரியில் போன அரசர்களைப் பற்றி இனி என்னிடம் பேசவேண்டாம். அரிப்புச் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் தன்னையறியாமல் சல்யூட் அடித்தார். தொப்பியைத்தான் சரிசெய்தார் என்று சிவகுமார் சொல்வது பொறாமை.

பஸ் இருபத்தைந்து நிமிடம் முந்தி வந்துவிட்டிருந்தது. நாங்கள் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஒழுங்கையில் திரும்பியபோது முப்பத்தெட்டுப் பேரும் கரையில் நின்றார்கள், கையில் ஆளுக்கொரு கிளாஸ். ஜசிந்தா எங்கள் மூன்று கிலோ தேசிக்காயையும் பிழிந்து, உப்பும் சீனியும் போட்டு, "முதல் பூநாரையைப் பாருங்கோ, வெயில் ஏறினா அங்கால பறந்திடும்" என்று எல்லாரையும் தண்ணீர் ஓரத்தில் நிறுத்திவைத்திருந்தாள். அந்தப் பூநாரைகள் பின்னேரம் நாலு மணிவரை அதே இடத்தில்தான் நின்றன. கடலில் விழுந்த ங்கோவுக்கு நன்றி.

லொறியின் மேல் என்னைக் கண்டவுடன் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை என்றாள். பிழை முழுவதும் என்னுடையது என்று இறங்குமுன்பே உரத்த குரலில் அறிவித்தேன்.

"அது பிறகு மாமா. மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ."

பத்து நிமிடத்தில் எல்லாரும் வாங்குகளில் இருந்தார்கள். அப்போதுதான் வில்லங்கம் தெரிந்தது. ஆறு வாங்கும் சிறுபிள்ளைகளின் உயரம். பெரிய மனிதர்கள் மேசைக்கு மேலே நாடியும் தலையும் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்கள். சோறு கோப்பையிலிருந்து, உங்கள் பாஷையில் தட்டிலிருந்து, வாய்க்குப் போக அரை முழம்தான். தபாலதிபர் அம்மாவும் ஒரு மத்ரசா வாங்கில்தான். ஐந்தடிக்கு நன்றாகக் குறைந்த உயரம், சிரிக்காத முகம். ஜசிந்தா மீன்குழம்புச் சட்டியோடு அவருக்குப் பின்னால் மூச்சுப் பிடித்து நின்றாள்.

அம்மா கீழே குனிந்து பார்த்தார். இரண்டு பாதத்தையும் மணலில் ஊன்றி ஒருதரம் அழுத்தினார்.

"பிள்ளை, இந்த வாங்கு எங்க வாங்கினது?"

"முசலியில அம்மா. உயரம் குறைஞ்சு போச்சு. அடுத்த முறை மாத்திப்போடுறன்."

"மாத்தினா நான் வரமாட்டன்." கோப்பையை நீட்டினார். "முப்பத்தாறு வருஷம் கந்தோர்க் கதிரையில கால் தொங்கத் தொங்க இருந்தனான். இண்டைக்குத்தான் கால் நிலத்தில முட்டுது. குழம்பு இன்னும் கொஞ்சம் விடும். பங்குனிக்கு நாப்பது பேர்."

ஜசிந்தா குழம்பை விட்டாள். கோப்பை நிரம்பி வழிந்தது.

நிஸார் இரண்டேகாலுக்கு ஆட்டோவில் வந்து சேர்ந்தார். அந்த ஆறும் இங்கேயே நிற்க, மத்ரசாவுக்குப் புதிதாக ஆறு செய்வதென்று அங்கேயே முடிவானது. ஓடரை ஜசிந்தா தன் வாயால், எண்ணிக்கையோடு சொன்னாள். மோதினாருக்கு என்று ஒரு பார்சல் மீனும் கட்டினாள். அன்ரன் கடலிலிருந்து வந்தபோது அவனுக்குச் சாப்பாடும் கிடைத்தது, வேறும் கிடைத்தது. மூன்றரை மணிக்கு நிஸாரின் போனில் அஸர்த் தொழுகைக்கு வாங்கு சொன்னது. "வாங்கு," என்றார் அவர் எழும்பிக்கொண்டு. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தை, மாசி நல்ல காலம். பூநாரையைக் காலை ஒன்பதுக்குள் பாருங்கள், தொப்பியைக் கட்டிக்கொண்டு. ஜசிந்தாவின் மீன் சாப்பாடு அறுநூற்றைம்பது. ஐந்து பேருக்கு மேல் என்றால் முதல் நாளே சொல்லுங்கள். நாள் முழுக்க ஆட்டோ எடுத்தால் எண்ணாயிரம் அளவில். தங்குவதானால் மன்னார் ரவுணில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு அறை கிடைத்தது. காலையில் கழுதைகள் வந்து எழுப்பும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கரையில் யாரிடமும் வாங்கு சொல்லியாச்சோ என்று கேட்காதீர்கள். எத்தனை வாங்கு என்று கேளுங்கள். எட்டு என்றால் தளபாடம். ஒரு நாளைக்கு ஐந்து என்றால் தொழுகை. என்ன விலைக்கு என்று திருப்பிக் கேட்டால், பேசாமல் மூன்று கிலோ தேசிக்காய் வாங்கிக்கொண்டு போங்கள், எப்படியும் உதவும்.